பாய்மரத்தின் முட்டுக்கால்

என் பேச்சு முடிந்ததும் பதினோரு பேர் கைதட்டினார்கள். அவர்களில் ஒருவர் என் அப்பா. அந்தக் கைதட்டலை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பத்து வயதிலிருந்து மேடை ஏறுகிறவள் நான். தமிழிலும் வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் பேசிப் பெற்ற கோப்பைகள் கல்கத்தா கிடர்பூரில் எங்கள் துறைமுகக் குடியிருப்பின் வரவேற்பறையில் தொலைக்காட்சிப் பெட்டியை மறைத்துக்கொண்டு நிற்கின்றன. என் குரல் கடைசி வரிசைக்குப் போகும். எதிரணியின் வாதத்தை அவர்களைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டு அதன்பின் உடைப்பேன். இந்தத் திறமையில் எனக்குக் கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தோடுதான் செப்டம்பர் மாதத்தில் ஒரு மாலை, துறைமுக ஊழியர் குடும்பங்கள் நடத்தும் சிறிய படகு மன்றத்தின் செயற்குழுவுக்கு முன்னால் எழுந்து நின்றேன். நான் பேசியது ஒரு மரத்துண்டைப் பற்றி.

எங்கள் மன்றத்திடம் இருப்பது ஒரே ஒரு பாய்மரப் படகு. ஐந்தாறு பேர் குனிந்து உட்காரக்கூடிய ஓர் அறை அதன் முன்பாதியில் இருக்கிறது. பாய்மரம் அந்த அறையின் கூரைமேல்தான் நிற்கிறது; படகின் அடிவரை இறங்குவதில்லை. ஆகவே கூரைக்குக் கீழே, அறையின் நடுவில், பாய்மரத்துக்கு நேராக ஒரு முட்டுக்கால் கொடுத்திருப்பார்கள். என் இடுப்புக்குச் சற்று மேலே வரும் உயரம், தொடைப் பருமன். பாய்மரத்தை நாலு பக்கமும் கம்பிக் கயிறுகள் கீழ்நோக்கி இழுக்கின்றன. காற்று அடிக்க அடிக்க அந்த இழுப்பு கூடுகிறது. அத்தனையும் இந்த ஒற்றைக் காலின் தலையில்தான் இறங்குகிறது. கால் அமுங்கினால் கூரை அமுங்கும். கூரை அமுங்கினால் கம்பிகள் தளரும். கம்பிகள் தளர்ந்தால் பாய்மரம் பின்பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள்மேல் விழும். இதைப் புரிந்துகொள்ள யாரும் எங்கும் பட்டம் வாங்க வேண்டியதில்லை.

அந்த முட்டுக்காலை மக்கவைத்தது பக்தி. மென்மையான வேறொரு சொல் எனக்குக் கிடைத்திருக்கும், தேட விருப்பமில்லை. கல்கத்தாவில் விஸ்வகர்மா பூஜையன்று தொழிற்சாலை, பட்டறை, பேருந்து, ரிக்‌ஷா எல்லாவற்றுக்கும் மாலை விழும். எங்கள் படகுக்கும் விழுந்தது. வெளியே மழை என்பதால் ஒரு வருடம் யாரோ அறைக்குள் இருந்த முட்டுக்காலுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். மறு வருடம் அதற்கு மாலை. அதற்கடுத்த வருடம் படகுப் பொறுப்பாளரான என் அப்பா, பளுதூக்கி இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறியாளர், தன் கையாலேயே தேக்குப் பலகையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பெட்டி செய்து காலின் அடியைச் சுற்றிப் பொருத்தினார். முன்னால் விளக்கு வைக்கப் பித்தளைத் தட்டு. ஒவ்வொரு பூஜைக்கும் பால், இளநீர், கலச நீர் எல்லாம் காலின்மேல் வார்க்கப்பட்டு அந்தப் பெட்டிக்குள் இறங்கின. இறங்கியது வெளியேற வழியில்லை. காற்றும் வெயிலும் எட்டிப் பார்க்காத இடத்தில் அது ஆண்டுக்கணக்கில் கிடந்தது. சிறுமியாக இருந்தபோது இரண்டு முறை அந்தச் செம்பை நானும் பிடித்து வார்த்திருக்கிறேன். குற்றத்தில் என் பங்கை நான் மறைக்கவில்லை. மறைத்தவர்கள்மேல்தான் என் கோபம்.

ஆகஸ்டில் மழைநீரை இறைக்கப் போனபோது பாய்மரத்தின் அடியைச் சுற்றிக் கூரைமேல் ஒரு சாப்பாட்டுத் தட்டளவு தண்ணீர் தேங்கி நின்றதைப் பார்த்தேன். முன்பெல்லாம் அங்கே ஒரு சொட்டும் நிற்காது. அறைக்குள் போனேன். பாய்களை வைக்கும் முன்கூட்டுக்கு ஒரு சின்னக் கதவு உண்டு. கூரை அமுங்கியதில் அது பாதியில் முட்டி நின்றது, மூட வரவில்லை. பெட்டியின் மேல்விளிம்புக்கும் காலுக்கும் நடுவே இருந்த இடுக்கில் திருப்புளியை விட்டு அழுத்தினேன். வெந்த சேப்பங்கிழங்கில் இறங்குவதுபோல் நான்கு விரற்கடை இறங்கியது. வெளியே இழுத்தபோது அதன் நுனியில் புளித்த பால் நாற்றம்.

அன்று காலை உணவின்போதே அப்பாவிடம் சொன்னேன்.

"அப்பா, முட்டுக்கால் அடியில மக்கிப்போச்சு."

"கொஞ்சம் ஈரம் இருக்கும்மா. பூஜை முடியட்டும், பாத்துக்கலாம்."

"போன வருஷம் மரவேலை மிஸ்திரி சொன்னப்பவும் இதையேதான் சொன்னீங்க."

"சாமி வெச்ச எடம் அது. நெனச்சப்ப நெனச்சபடி ஒடைக்க முடியுமா?" என்றவர், தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பூஜை முடியட்டும் என்பதன் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டும். பூஜையன்று மதியம் குடியிருப்புப் பிள்ளைகள் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு படகு ஆற்றுக்குள் போவது வழக்கம். ஊரே மொட்டைமாடியில் நின்று பட்டம் விடும் நாள் அது. தண்ணீரிலிருந்து அந்த வானத்தைப் பார்ப்பது பிள்ளைகளுக்குத் திருவிழா. இந்த முறை சுக்கான் பிடிக்கப் போகிறவள் பதினாறு வயதான என் தங்கை. முதல் முறை. மழைக்கால முடிவில் எங்கள் ஆறு, எல்லோரும் கங்கை என்றே சொல்லும் ஹூக்ளி, எப்படி இழுக்கும் என்று துறைமுகத்தில் வேலை செய்கிற யாருக்கும் தெரியும். மக்கிய காலின்மேல் நிற்கும் பாய்மரத்துக்குக் கீழே என் தங்கையும் ஆறு பிள்ளைகளும் உட்கார வேண்டும். அதன்பிறகு நாம் "பாத்துக்கலாம்".

தங்கையிடம் போகாதே என்றேன். அவளுக்குத் தமிழைவிட வங்காளம்தான் வேகமாக வரும். கோபம் வந்தால் இரண்டும் சேர்ந்து வரும்.

"தூர்! நீ பதினாறு வயசுல ஓட்டினப்ப படகு நல்லா இருந்துச்சு. நான் ஓட்டறப்ப மட்டும் மக்கிடுச்சா? ஹிங்ஷே! சும்மா பொறாமை ஒனக்கு."

"திருப்புளி உள்ளே போச்சுடீ."

"போய் ஒன் திருப்புளிகிட்டயே ஸ்பீச் குடு."

ஆகவே செயற்குழுவுக்குப் போனேன். பன்னிரண்டு நிமிடம் பேசினேன். கூரையில் தேங்கிய நீரிலிருந்து தொடங்கி, மூடாத கதவுக்கு வந்து, திருப்புளியின் நுனியில் முடித்தேன். "இறைவனுக்கு வார்த்த பால் இறைவனைச் சேரவில்லை, உங்கள் பிள்ளைகளின் தலைக்குமேல் இருக்கும் மரத்தைச் சேர்ந்திருக்கிறது" என்று இறுதி வாக்கியத்தை வைத்தேன். நல்ல வாக்கியம். மேடையில் என்றால் கோப்பை வாங்கித் தந்திருக்கும்.

கைதட்டினார்கள். மன்றத்தின் செயலாளர், அப்பாவுடன் ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்த மதுரைக்காரர், கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

"அம்மாடி! என்னா பேச்சு, என்னா பேச்சு! ஏய்யா, ஒனக்கு வாயில ஈ போனாக்கூடத் தொரத்தத் தெரியாது, ஒன் வகுத்துல எப்புடிய்யா இது வந்து பொறந்துச்சு?" என்று அப்பாவின் முதுகில் தட்டினார். அப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே கைதட்டினார்.

"அப்போ முட்டுக்கால் மாமா?" என்றேன்.

"மாத்தீருவோம்டா. பூசை முடியவும் மொத வேல அதுதேன். சரி, அடுத்து பூசைச் சாப்பாட்டுக்கு வருவோம், கிச்சுரிக்கு. போன வருசம் கத்திரிக்கா பத்தல."

கத்திரிக்காய் பொரியலைப் பற்றி அவர்கள் இருபது நிமிடம் பேசினார்கள். நான் அந்த இருபது நிமிடமும் உட்கார்ந்திருந்தேன். எதிர்த்துப் பேசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஏளனம் செய்திருந்தால் அந்த ஏளனத்தை அவர்களுக்கே திருப்பியிருப்பேன். ஆனால் பாராட்டுக்கு மறுமொழி சொல்ல எந்தப் பயிற்சியும் எனக்குத் தரப்படவில்லை. என் வாதத்தை அவர்கள் கேட்கவே இல்லை. ஒரு பெண் பிள்ளை தடுமாறாமல் பேசுவதைப் பார்த்து மகிழ்ந்தார்கள். பன்னிரண்டு நிமிடம் எச்சரிக்கை செய்தேன் என்று நினைத்திருந்தேன். அவர்கள் பன்னிரண்டு நிமிடம் ஒரு கலைநிகழ்ச்சி பார்த்திருந்தார்கள்.

பூஜைக்கு முந்தைய நாள் காலை படகுத்துறைக்குப் போனேன். அங்கே படகுகளுக்கு மரவேலை செய்யும் மிஸ்திரி, முப்பத்தைந்து வயதுக்காரர், இழைப்புளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். துறைமுகத் தமிழர்களிடம் வேலை செய்தே பழகிய தமிழ் அவருடையது. வயதில் இளையவளான என்னையும் அக்கா என்னும் பொருளில் தீதி என்பார்.

"தீதி, வாங்க. போன வருஷம் நான் அந்தக் கால் போயிடுச்சின்னு சொன்னேன். 'ஹொபே, ஹொபே'ன்னாங்க. ஆகும் ஆகும்னு. இந்த வருஷம் நீங்க சொன்னா கைதட்டினாங்களாமே? ப்ரமோஷன்தான் ஒங்களுக்கு!"

"இன்னைக்கே மாத்த முடியுமா?"

"முடியாது தீதி. ஒரு நாள்ல ஆவற வேலையா அது? கூரைய ஜாக்கி வெச்சுக் கொஞ்சம் கொஞ்சமாத் தூக்கணும். இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும்தான் என் கை என்னுது. நாளைக்கு உளியத் தொட மாட்டேன். நான்னு இல்ல, இங்கேருந்து ஹவுரா வரைக்கும் எவனும் ஒரு ஸ்பானரக்கூடத் தொட மாட்டான். விஸ்வகர்மா பாபா கோவிச்சுக்குவாரு."

அவர் வேடிக்கையாகச் சொன்னதை நான் வேடிக்கையாகக் கேட்கவில்லை. பூஜை நாளன்று கருவிகளுக்கு ஓய்வு. அவற்றைக் கழுவித் துடைத்துச் சாமிக்கு முன்னால் வைத்துவிடுவார்கள். அன்று கழன்றது கழன்றபடியே இருக்கும். எந்த வழக்கத்தின் பெயரால் அந்த முட்டுக்காலை மாற்ற மறுத்தார்களோ, அதே வழக்கத்தை நான் அவர்களுக்கு முன்னால் சுவராக எழுப்ப முடியும்.

"மாத்த வேண்டாம். பாய்மரத்தை மட்டும் இன்னைக்கு இறக்கிடலாம்" என்றேன்.

அவர் இழைப்புளியைக் கீழே வைத்தார். "தாதா சொன்னாரா?" என்றார். தாதா என்றது என் அப்பாவை.

"படகுச் சாவி என் கையில இருக்கு" என்றேன். அது உண்மை. வீட்டில் அப்பா மாட்டிவைக்கும் ஆணியிலிருந்து நான்தான் எடுத்து வந்திருந்தேன். கேள்விக்குப் பதில் அல்லாத உண்மையைச் சொல்வது எப்படி என்று பத்து வயதிலிருந்து கற்றிருக்கிறேன்.

"சரி. ஆனா அந்தப் பெட்டிய நான் தொட மாட்டேன் தீதி. சாமி இருக்கு அதுல."

மதியம் அவரும் அவருடைய அண்ணன்கள் இருவரும் நானுமாகச் சேர்ந்து கம்பிகளின் திருகுகளைத் தளர்த்தினோம். ஒரு திருகு துருவேறி அசையாமல் நின்றபோது அதன்மேல் என் உடல் எடை முழுவதையும் போட்டேன். செயலாளரை நினைத்துக்கொண்டதால் கழன்றது. பாய்மரம் மெதுவாகச் சாய்ந்து எங்கள் தோள்களுக்கு வந்தது. துறையின் பலகைமேல் இரண்டு முக்காலிகளில் அதைப் படுக்கவைத்துக் கம்பிகளைச் சுருட்டிக் கட்டியபோது மணி ஐந்து. கையில் சாமந்தி மாலைகளோடு அப்பா வந்தார்.

"யாரக் கேட்டு எறக்கினே?"

"நீங்க கைதட்டினீங்களே, அதைக் கேட்டு."

அவர் முகம் சுருங்கியது. மிஸ்திரியிடம் திரும்பி, வங்காளத்தில், இப்போதே மறுபடி ஏற்று என்றார். மிஸ்திரி சூரியனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் கருவிப் பையின் வாயை நூலால் கட்டினார். "தாதா, பையக் கட்டிட்டேன். இனி நாளன்னைக்குத்தான் அவிழ்ப்பேன். அதுவும் நாளைக்கு ராத்திரி எவ்வளவு குடிக்கிறேன்ங்கறதப் பொறுத்து."

அப்பா மாலைகளைப் பலகைமேல் வைத்துவிட்டு நடந்து போனார். வீட்டில் தங்கை அறைக்கதவை என் முகத்தில் சாத்தினாள்.

மறுநாள் காலை வானம் முழுவதும் பட்டம். அறுந்து விழும் ஒவ்வொன்றுக்கும் மாடிகளிலிருந்து "போகாட்டா!" என்ற கூச்சல். பாய்மரத்தை ஏற்ற ஆள் தேடிச் செயலாளர் துறையில் நின்று கைபேசியில் ஊரையே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கிடர்பூரில் இரண்டு பட்டறை, ஹவுராவில் மூன்று. எல்லா இடத்திலும் ஒலிபெருக்கிப் பாட்டுக்கு நடுவே ஒரே பதில். ஒருவர் சிரித்தே விட்டார் போலிருக்கிறது, செயலாளர் கைபேசியைக் காதிலிருந்து விலக்கி அதை முறைத்தார். ஆறு பிள்ளைகளும் புதுச்சட்டையோடு வரிசையாக உட்கார்ந்து என்னைப் பார்த்தார்கள். தங்கை என்னைப் பார்க்கவில்லை.

"படகுதேன் போகல, பூசையாவது நடக்கட்டும்" என்றார் செயலாளர்.

புரோகிதர், செயலாளர், அப்பா, நான் நால்வரும் அறைக்குள் குனிந்து இறங்கினோம். மற்றவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். புரோகிதர் பால் செம்பை எடுத்தார். "ஊத்தாதீங்க" என்றேன். என் குரல் அந்தச் சின்ன அறைக்கு மிகப் பெரிதாக இருந்தது.

செயலாளரின் பொறுமை அங்கே முடிந்தது. "ஏத்தா, புள்ளைக மூஞ்சியப் பாத்தியா? ஒன்னால ஒரு நல்ல நாளு நாசமாப் போச்சு. மக்கிப்போச்சு, மக்கிப்போச்சுங்கிறயே, எங்க மக்கியிருக்கு? காட்டு பாப்பம்!"

"பெட்டியைக் கழற்றுங்க, காட்டறேன்."

"கழட்டணுமா? எதக்கொண்டு கழட்ட? இன்னைக்கு இரும்பத் தொடப்படாதுங்கிறதத்தான நேத்து நீயும் அந்த மிஸ்திரியும் சாக்கா வச்சீக?"

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். பதின்மூன்று ஆண்டு மேடை வாழ்க்கையில் அப்படி ஒரு நிமிடம் வந்ததில்லை. நான் எழுப்பிய சுவரில் நானே முட்டி நின்றேன். புரோகிதர் செம்பைச் சாய்க்கத் தொடங்கினார்.

அப்போது அப்பா கீழே உட்கார்ந்தார். பித்தளைத் தட்டிலிருந்த விளக்கை எடுத்துத் தள்ளி வைத்தார். பெட்டியின் அடிவிளிம்பில் இரண்டு கையின் விரல்களையும் கொடுத்து முன்னால் இழுத்தார். முன்பலகை அப்படியே வந்துவிட்டது. திருகாணிகள் பலகையிலேயே இருந்தன. அவை கடித்துக்கொண்டிருந்த மரம்தான் இல்லை. உள்ளே முட்டுக்காலின் அடி, சாக்கடையில் ஊறிய அட்டைப்பெட்டியைப் போல் கறுத்து, ஒரு பக்கமாக நசுங்கி உட்கார்ந்திருந்தது. அப்பா அதில் ஒரு விரலை வைத்தார். விரல் உள்ளே போனது. பழைய சாமந்தி இதழ்களும் கறுப்புத் தண்ணீரும் வழிந்து அவர் வேட்டியில் பட்டன.

அறை நிறைய புளித்த நாற்றம். செயலாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அட கெரகமே" என்றார். வாசலில் யாரோ ஒரு தாய் தன் மகனின் பெயரைச் சொல்லி அழைத்து அருகில் இழுத்துக்கொண்டாள்.

அந்த நிமிடத்தில் நான் வென்றேன் என்று சொல்லலாம். ஆனால் எனக்குள் எழுந்தது வெற்றியல்ல. அப்பா கருவியைத் தேடவில்லை. தயங்கவில்லை. விரலால் இழுத்தால் வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எப்போது இழுத்துப் பார்த்தார்? போன வருடமா? அதற்கு முன்பா? இழுத்துப் பார்த்து, நாற்றத்தை முகர்ந்து, பலகையை மறுபடி பொருத்தி, அதன்மேல் மாலை போட்டிருக்கிறார். பளுதூக்கியின் கம்பியில் ஓர் இழை அறுந்தாலும் வேலையை நிறுத்திவிடும் மனிதர், தான் செய்த பெட்டி தப்பு என்று சொல்ல முடியாமல் தன் இரண்டாவது மகளைச் சுக்கானில் உட்காரவைக்கத் துணிந்திருந்தார்.

"ஒங்களுக்குத் தெரியும்" என்றேன்.

"ம்" என்றார். அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து மிஸ்திரி வந்தார். ஹவுராவிலிருந்து நன்றாகக் காய்ந்த சால் மரத்தில் ஒரு துண்டு கொண்டுவந்திருந்தார். பழைய காலின் நீளத்துக்கே புதியதை வெட்டினால் அமுங்கிய கூரை அமுங்கியபடியே இருந்துவிடும். ஆகவே கூரைக்கு அடியில் பலகை கொடுத்து, படகின் முதுகெலும்பான அடிமரத்தின்மேல் ஜாக்கியை வைத்து, கால் சுற்று, அரைச் சுற்றாக உயர்த்தினார். ஒவ்வொரு சுற்றுக்கும் கூரை முனகியது. அப்பா வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து கூரைமேல் ஒரு நேர்க்கோல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும்", "போதும்" என்று அவர் மேலேயிருந்து சொல்ல, அதையே நான் கீழே மிஸ்திரிக்குத் திருப்பிச் சொன்னேன். மறுநாள் மாலை கூரை நேரானது. புதிய கால் பழையதைவிட இரண்டு விரல் நீளமாக வந்தது. அடியில் தண்ணீர் நிற்காமல் ஓட ஒரு கட்டை கொடுத்து, தார் பூசி, மரச்சுத்தியலால் தட்டித் தட்டி நிறுத்தினார். அதைச் சுற்றிப் பெட்டி எதுவும் வைக்கவில்லை. பழைய பெட்டியை அப்பா தன் கையாலேயே பிரித்து விறகுக்குக் கொடுத்தார். அதற்காக நான் அவரைப் பாராட்டவில்லை.

பாய்மரத்தை மறுபடி ஏற்றினோம்; அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தங்கை சுக்கான் பிடிக்க, படகு போனது. கிளம்புவதற்கு முன் செயலாளர் துறையில் நின்று பேசினார். செயற்குழு உரிய காலத்தில் எடுத்த முடிவால் பிள்ளைகளின் பாதுகாப்பு உறுதி செய்யப்பட்டது என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் கையைத் தட்டவில்லை. அதில் இன்னும் தார் ஒட்டியிருந்தது. புரோகிதர் வைத்த குங்குமப் பொட்டிலிருந்து ஒரு துளி நீர் புதிய காலின்மேல் இறங்கியதைப் பார்த்து, உள்ளே போய், துணியால் துடைத்தேன்.

அறைக்குள்ளேயே இருந்துகொண்டேன். படகு காற்றைப் பிடித்துச் சாய்ந்தது. மேலே பிள்ளைகள் கத்தினார்கள். முட்டுக்காலின்மேல் உள்ளங்கையை வைத்தேன். ஆற்றின் இழுப்பு, கம்பிகளின் இழுப்பு எல்லாம் அதற்குள் மெல்லிய அதிர்வாக வந்து கீழே போய்க்கொண்டிருந்தன. ஒன்றும் அசையவில்லை.

"அக்கா!" பத்து நாளில் தங்கை என்னிடம் பேசிய முதல் சொல். குரலில் சமாதானம் எதுவும் இல்லை. "அங்க சும்மாத்தானே ஒக்காந்திருக்கே? அந்தக் கதவு அடிச்சுக்கிட்டே இருக்கு, மூடு!"

முன்கூட்டின் கதவை ஒரு விரலால் தள்ளினேன். மூடிக்கொண்டது.